பாப் ஸ்மியர், வி.ஐ.ஏ., எச்.பி.வி.: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் மூன்று சோதனைகள்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறக்குறைய 80,000 பெண்கள் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கீடு சொல்கிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. இந்தப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, வலியோ இரத்தக்கசிவோ இல்லாமல், புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே காத்திருக்கிறது. அந்த நிலையில் கண்டுபிடித்தால், மருத்துவமனையில் தங்காமலேயே சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை போதும். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. கண்டுபிடிப்பதற்கான சோதனைகளும் மூன்று இருக்கின்றன: செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர், நீர்த்த அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ., நோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனை.

மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: எச்.பி.வி. சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே முதல் தேர்வாகச் சொல்கிறது. ஆனால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வி.ஐ.ஏ. மட்டும் கிடைக்கிறது, மகப்பேறு மருத்துவர் பாப் ஸ்மியர் எழுதித் தருகிறார் என்றால் என்ன செய்வது? அதற்கு விடை காண, மூன்றும் எதைப் பார்க்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும்.

நோய் எங்கே, எப்படித் தொடங்குகிறது

கர்ப்பப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் திறக்கும் இடமே கர்ப்பப்பை வாய். அதன் வெளிப்புறத்தைத் தட்டையான செல்களும், உள்ளே செல்லும் குழாயைத் தூண் வடிவச் செல்களும் மூடியிருக்கின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் வளையம் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. பருவமடைதல், கருத்தரிப்பு, மாதவிடாய் நிற்றல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சற்றே நகர்கிறது. அங்குள்ள செல்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த மாறும் பகுதியில்தான் பெரும்பாலான புற்றுநோய்கள் தொடங்குகின்றன.

தொடங்கி வைப்பது எச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்டு ட்சூர் ஹவுசனின் ஆய்வுக் குழு 1983-இல் இதன் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுக்களிலேயே கண்டுபிடித்தது. அதற்காக அவருக்கு 2008-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை சுமார் 14. அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம்.

வைரஸ் தொற்றியவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வருவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலே தொற்றை அடக்கிவிடுகிறது. எஞ்சியவர்களில் சிலருக்கு அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் செல்களின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. அந்த மாற்றத்தை மருத்துவர்கள் சி.ஐ.என். 1, 2, 3 என்று மூன்று படிகளாகக் குறிப்பிடுகிறார்கள். முதல் படி பெரும்பாலும் தானாகவே மறையும். மூன்றாம் படியைக் கவனிக்காமல் விட்டால் அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம். தொற்றிலிருந்து புற்றுநோய் வரையிலான பயணம் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம்.

எச்.பி.வி. சோதனை காரணத்தைத் தேடுகிறது. பாப் ஸ்மியர் மாறிப்போன செல்லைத் தேடுகிறது. வி.ஐ.ஏ. அந்தச் செல்கள் சேர்ந்து உருவாக்கிய திட்டைத் தேடுகிறது. மூன்றும் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்களைப் பார்ப்பதால்தான் அவற்றின் பலமும் பலவீனமும் வேறுபடுகின்றன.

பாப் ஸ்மியர்

கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவ், கினிப்பன்றிகளின் பிறப்புறுப்புப் பாதைச் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே முறையைப் பெண்களிடம் பயன்படுத்தியபோது புற்றுநோய்ச் செல்கள் தெளிவாகத் தெரிந்தன. 1928-இல் அவர் இதை அறிவித்தபோது மருத்துவ உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஹெர்பர்ட் டிரவுட்டுடன் சேர்ந்து 1943-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே முறை பரவியது. அவர் பெயரின் முதற்பகுதிதான் ‘பாப்’.

சோதனை எளிது. ஸ்பெக்குலம் என்ற கருவியால் பாதையை விரித்து, சிறு மரக்கரண்டி அல்லது தூரிகையால் கர்ப்பப்பை வாயை வருடிச் செல்களை எடுப்பார்கள். கண்ணாடித் தகட்டில் பூசுவது பழைய முறை; திரவத்தில் கலந்து அனுப்புவது புதிய முறை. சிறு அசௌகரியம் இருக்கும், மயக்க மருந்து தேவையில்லை. அதன் பிறகு ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற ஒருவர், சாயமேற்றிய ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே மாறுபட்ட சிலவற்றைத் தேட வேண்டும்.

சிக்கல் அங்கேதான். வருடியபோது மாறிய செல்கள் வராமல் போகலாம். வந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். ஒரே ஒரு பாப் ஸ்மியர், புற்றுநோய்க்கு முந்தைய தீவிர நிலைகளில் ஏறத்தாழ பாதியைத் தவறவிட்டுவிடலாம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் மேலை நாடுகளில் இந்த நோயை அது எப்படிக் குறைத்தது? திரும்பத் திரும்பச் செய்ததால். நோய் மெதுவாக வளர்வதால், இந்த முறை தப்பியது மூன்று ஆண்டுகள் கழித்து அகப்படும். அப்போதும் தப்பினால் அதற்கடுத்த முறை.

இதற்கு மிகத் தெளிவான சான்று நார்டிக் நாடுகளின் அனுபவம். 1960-களின் நடுப்பகுதிக்கும் 1980-களின் தொடக்கத்துக்கும் இடையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, பின்லாந்தில் 50 விழுக்காடு குறைந்தன. நார்வேயில் வெறும் 10 விழுக்காடு. எல்லா இடத்திலும் அதே பாப் ஸ்மியர்தான். ஐஸ்லாந்தும் பின்லாந்தும் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் அனைவருக்கும் அழைப்பு அனுப்பி வரவழைத்தன. நார்வேயில் அத்தகைய திட்டம் அப்போது நாட்டின் சிறு பகுதியில் மட்டுமே இருந்தது. மற்ற இடங்களில் மருத்துவரிடம் வேறு எதற்காகவோ போனவர்கள்தான் சோதித்துக்கொண்டார்கள். சோதனையின் தரத்தைப் பற்றிப் பேசும் யாரும் இந்த எண்களை மறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வி.ஐ.ஏ.: அசிட்டிக் அமிலமும் ஒரு செவிலியரின் கண்ணும்

ஆய்வகமோ நோயியல் வல்லுநரோ இல்லாத ஊரில் பாப் ஸ்மியரால் பயன் குறைவு. தகடு நகரத்துக்குப் போய், முடிவு சில வாரங்கள் கழித்து வந்து, அதற்குள் அந்தப் பெண் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ வேறு மாவட்டம் போயிருந்தால், முடிவு அவரைச் சென்றடையாது. இந்த நிலைமைக்காகவே வளர்த்தெடுக்கப்பட்டது வி.ஐ.ஏ.

3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை, அதாவது கடையில் விற்கும் வினிகரின் அளவுக்கு நீர்த்த கரைசலை, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறுபட்ட செல்களில் உட்கரு பெரிதாகி, புரதம் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து, அந்த இடம் அழுத்தமான வெள்ளைத் திட்டாகத் தெரியும். முடிவு அங்கேயே, அப்போதே. மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் போதும். திட்டு சிறிதாக, முழுதும் தெரிவதாக இருந்தால், அதே நாளில் உறையவைத்தோ வெப்பத்தாலோ அதை அழித்துவிடவும் முடியும்.

இதன் பயனைப் பெரிய அளவில் நிறுவிய முதல் ஆய்வு நடந்தது திண்டுக்கல் மாவட்டத்தில். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையம் ஆகியவை இணைந்து 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: சோதனை நடந்த பகுதிகளில், நடக்காத பகுதிகளைவிட நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைவு. திண்டுக்கல் கிராமத்துப் பெண்களின் ஒத்துழைப்பால் கிடைத்த இந்த முடிவை உலகெங்கும் வழிகாட்டுதல்கள் மேற்கோள் காட்டுகின்றன. நம் மாநிலத்திலேயே இது பலருக்குத் தெரியாது என்பது எனக்கு ஆதங்கம்.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், மருத்துவப் பின்னணி இல்லாத பெண்களுக்குப் பயிற்சி தந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீதம் நான்கு சுற்றுகள் வி.ஐ.ஏ. செய்ய வைத்தார்கள். மரணம் 31 விழுக்காடு குறைந்தது.

ஆனால் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இன்று தாராசிவ்) ஒரே ஒரு முறை செய்த வி.ஐ.ஏ. மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. வி.ஐ.ஏ.யின் அடிப்படைக் குறை இதில் தெரிகிறது: முடிவு பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. கிருமித்தொற்றால் வீங்கிய இடமும், இயல்பாக மாறிக்கொண்டிருக்கும் செல்களும்கூட வெள்ளையாகத் தெரியலாம். பயிற்சி நன்றாக இருந்து, அதைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தால் வி.ஐ.ஏ. நன்றாக வேலை செய்யும். ஒரு முறை பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் தரம் சரியும்.

இன்னொரு வரம்பும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அந்த மாறும் பகுதி குழாயின் உள்ளே போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வி.ஐ.ஏ. ‘இல்லை’ என்று சொல்வதை முழுமையாக நம்ப முடியாது.

எச்.பி.வி. சோதனை

இதில் செல்லின் வடிவத்தை யாரும் பார்ப்பதில்லை. கர்ப்பப்பை வாயிலிருந்தோ பிறப்புறுப்புப் பாதையிலிருந்தோ எடுத்த மாதிரியில், ஆபத்தான எச்.பி.வி. வகைகளின் மரபணுப் பொருள் இருக்கிறதா என்று கருவி சொல்கிறது. கொரோனா காலத்தில் நம் எல்லோருக்கும் பழகிப்போன பி.சி.ஆர். முறைதான் பெரும்பாலும். பார்ப்பவரின் திறமை முடிவை மாற்றாது.

மேலே சொன்ன உஸ்மானாபாத் ஆய்வில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: எச்.பி.வி., பாப் ஸ்மியர், வி.ஐ.ஏ., வழக்கமான மருத்துவ வசதி மட்டும். எட்டு ஆண்டுகள் கண்காணித்து 2009-இல் வெளியிட்ட முடிவில், ஒரே ஒரு எச்.பி.வி. சோதனை முற்றிய புற்றுநோயையும் மரணத்தையும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்திருந்தது. மற்ற இரண்டும் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. எச்.பி.வி. இல்லை என்று முடிவு வந்த பெண்களில் ஒருவர்கூட அந்த எட்டு ஆண்டுகளில் இந்த நோயால் இறக்கவில்லை. ஒரு குழுவைச் சோதனையே இல்லாமல் விட்டது அறமா என்று இத்தகைய இந்திய ஆய்வுகள் மீது பின்னர் கடுமையான விமர்சனம் எழுந்தது. அது நியாயமான கேள்வி. இங்கே சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் நடந்த நான்கு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த கணக்கும் இதையே சொன்னது: பாப் ஸ்மியரைவிட எச்.பி.வி. சோதனை 60 முதல் 70 விழுக்காடு கூடுதல் பாதுகாப்பு தருகிறது. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் பாப் ஸ்மியரைக் கைவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. என்று மாறியது. சிங்கப்பூரும் 2019 முதல் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இதையே பரிந்துரைக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பது. மெல்லிய குச்சி போன்ற தூரிகையை உள்ளே செலுத்தி, சில முறை சுழற்றி, குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். பி.சி.ஆர். முறையில் செய்யும்போது, இது மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழ இணையான துல்லியம் தருகிறது. கால்களை விரித்துப் படுக்க வேண்டுமே என்ற கூச்சத்தாலேயே சோதனையைத் தள்ளிப்போடும் அம்மாக்கள், அத்தைகள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய விடுதலை.

குறை இல்லாமல் இல்லை. செலவு அதிகம். ஆய்வக வசதி தேவை. அதோடு, தானாக மறையப்போகும் தொற்றையும் இது ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும். இளவயதில் அத்தகைய தொற்று மிகச் சாதாரணம். அதனால்தான் 25 அல்லது 30 வயதுக்குக் கீழே இந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை.

ஆயிரம் பெண்கள்: ஒரு கணக்கு

சோதனைகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். நோய்நிலை உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது? இல்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்துகிறது? கணக்குக்காக, 1,000 பெண்களில் 20 பேருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய தீவிர நிலை இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பாப் ஸ்மியர் 55 விழுக்காட்டினரைப் பிடிக்கும் என்றால் 11 பேர் அகப்படுவார்கள், 9 பேர் தப்பிவிடுவார்கள். நோய்நிலை இல்லாத 980 பேரில் 3 விழுக்காட்டினருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று வந்தால், ஏறக்குறைய 30 பேர் வீணாகக் கவலைப்படுவார்கள். எச்.பி.வி. சோதனை 95 விழுக்காட்டினரைப் பிடித்தால் 19 பேர் அகப்படுவார்கள், ஒருவர் மட்டும் தப்புவார். ஆனால் 980 பேரில் 8 விழுக்காடு, அதாவது 78 பேருக்கு, தீவிர நிலை இல்லாமலேயே ‘வைரஸ் இருக்கிறது’ என்ற முடிவு வரும். வி.ஐ.ஏ.க்கு இப்படி ஓர் எண் சொல்வதே கடினம். பார்ப்பவரைப் பொறுத்து அவ்வளவு மாறுகிறது.

இந்த 78 பேரை என்ன செய்வது? இங்கேதான் பழைய சோதனைகள் மீண்டும் உதவுகின்றன. 16 அல்லது 18 வகை இருந்தால் நேரடியாகக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவது வழக்கம். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு திசு எடுக்கும் பரிசோதனை அது. வேறு வகைகள் இருந்தால் பாப் ஸ்மியரோ வி.ஐ.ஏ.யோ செய்து, அதிலும் மாற்றம் தெரிந்தவர்களை மட்டும் அனுப்பலாம். அதாவது, மிகக் குறைவானவர்களையே தவறவிடும் சோதனையை முதலிலும், வடிகட்டும் சோதனையை அடுத்தும் வைப்பது.

எச்.பி.வி. ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கணவன் மீதோ மனைவி மீதோ சந்தேகப்படவும் அதில் எதுவும் இல்லை. தாம்பத்திய உறவில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் தொற்றும் வைரஸ் இது. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு வெளிப்படவும் கூடும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. முடிவைப் படித்துக் காட்டும் செவிலியரும் மருத்துவரும் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எதைச் செய்துகொள்வது?

வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைதான் சோதனைக்குப் போவேன் என்ற நிலையில் இருப்பவருக்கு எச்.பி.வி. சோதனைதான் பொருத்தம், ஒரே முறையில் அதிகம் பிடிப்பது அதுவே. 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். பாப் ஸ்மியர் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் போக வேண்டும். அந்த ஒழுங்கு இருந்தால் அதுவும் நல்ல சோதனையே. தனியார் ஆய்வகங்களில் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வதுண்டு. எச்.பி.வி. மட்டும் செய்வதைவிட அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறிது.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வி.ஐ.ஏ.தான் கிடைக்கிறது என்றால், எச்.பி.வி. வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிமுறைப்படி 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிய இந்தச் சோதனை பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது சோதித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு மட்டுமே. இந்தியாவின் சராசரி 1.9 என்பதால் நாம் வெகுதூரம் முன்னே நிற்கிறோம். ஆனாலும் நூற்றில் தொண்ணூறு பேர் இன்னும் வெளியே இருக்கிறார்கள்.

எந்தச் சோதனையானாலும் மாதவிடாய் நாட்களில் வேண்டாம். சோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் உள்ளே வைக்கும் மருந்து, உறவு இரண்டையும் தவிர்த்தால் மாதிரி தெளிவாக இருக்கும். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். அது எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. கர்ப்பப்பையை எடுத்தவர்கள், வாய்ப்பகுதியும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்று அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் பார்க்க வேண்டும். வாய்ப்பகுதி இருந்தால் சோதனை தொடர வேண்டும். அதுவும் எடுக்கப்பட்டு, முன்பு தீவிர மாற்றம் எதுவும் இல்லாதவர்களுக்கு அவசியமில்லை.

பாப் ஸ்மியர் அறிக்கையில் என்.ஐ.எல்.எம். என்றிருந்தால் மாற்றம் இல்லை. ஆஸ்கஸ் என்றால் தெளிவில்லாத மாற்றம், மறுசோதனை வேண்டும். எல்.எஸ்.ஐ.எல். லேசான மாற்றம். எச்.எஸ்.ஐ.எல். தீவிர மாற்றம்; அப்படி இருந்தால் தாமதிக்காமல் கால்போஸ்கோபிக்குப் போக வேண்டும். அறிக்கையை வாங்காமலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. வாங்கியும் பீரோவில் வைத்துவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்தச் சோதனையும் உதவியிருக்காது. மாதிரி கொடுக்கும்போதே முடிவு எப்போது வரும், யாரிடம் காட்ட வேண்டும், மாற்றம் இருந்தால் எங்கே அனுப்புவீர்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான சோதனைகள். உறவுக்குப் பிறகு இரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எந்த முகாமுக்கும் காத்திருக்க வேண்டாம். சென்ற ஆண்டுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தாலும் சரி, நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.